வீட்டுக்குள் ஒரு பட்டறை: இசைத்தட்டின் சத்தம் ஏன் அடங்கிப் போனது?



சென்ற மாதம் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கபாசிற்றரைச் சந்தேகிக்க வேண்டும் என்று பார்த்தோம். இந்த மாதம் ரைஸ் குக்கர் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் ஓர் அக்காவின் இசைத்தட்டுப் பெட்டி குறுக்கே வந்துவிட்டது. ரைஸ் குக்கர் ஒரு மாதம் பொறுக்கட்டும்.

"இசைத்தட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? எங்களுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். பொறுமையாக வாசியுங்கள். இதில் சொல்லப்போகும் சோதனைமுறை ரேடியோ, ரீவி, கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும். "இது பழுது, எறியுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

முதலில் அந்தப் பெட்டியின் கதை. அக்காவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

1979இல் திருமணம் முடித்துக் கொலன்னாவையில் குடியேறியவர் அக்கா. கணவர் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின் ஜப்பான் சாமான்கள் கடைகளில் நிறைந்த காலம் அது. 1980இல் கணவர் மாதாமாதம் காசு கட்டி ஓர் இசைத்தட்டு பிளேயரும் அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினாராம். மாலையில் இலங்கை வானொலியில் கேட்ட பாட்டை ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் தேடி வாங்கி வருவாராம்.

1983 ஜூலை வந்தது. கைக்குழந்தையோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்கு ஓடினார்கள். ஓடுவதற்கு முன் பக்கத்து முஸ்லிம் குடும்பம் மதிலுக்கு மேலால் கைநீட்டி அந்தப் பெட்டியையும் இசைத்தட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டது. அக்கா குடும்பம் கப்பலில் காங்கேசன்துறை போய், பிறகு கிளிநொச்சியில் காணி வாங்கி இருந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் சன நெரிசலுக்குள் கணவர் தவறிப்போனார். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. 2010இல் மகளோடு இருப்பதற்காக அக்கா மீண்டும் கொலன்னாவைக்கு வந்தபோது, அந்தப் பக்கத்து வீட்டார் துணியால் மூடிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். இருபத்தேழு வருடம் வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு தட்டுக்கூடக் குறையவில்லை.

அடுத்த அடி தண்ணீரால் விழுந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா முதலில் அடையாள அட்டைப் பையை எடுத்தார், அடுத்ததாகப் பிளேயரையும் தட்டுகளையும் அலுமாரிக்கு மேல் ஏற்றினார். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கீழ்த் தட்டில் இருந்த அம்பிளிபயரும் ஸ்பீக்கர்களும் சேற்றுக்குள் போய்விட்டன. அதன்பின் பல வருடங்கள் பிளேயர் சும்மாதான் கிடந்தது.

அண்மையில் மருமகன் ஒரு புதிய ஹோம் தியேட்டர் செட் வாங்கி வந்து, பழைய பிளேயரை அதில் பொருத்திக் கொடுத்தார். தட்டுச் சுழன்றது, ஊசி ஓடியது. ஆனால் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் மெல்லியதாக வந்தது. சத்தத்தை முழுவதும் கூட்டினாலும் பக்கத்தில் போய் நின்றால்தான் பாட்டு என்று தெரியும். பேரன் அப்படி முழுவதும் கூட்டி வைத்துவிட்டு, அப்படியே ரேடியோவுக்கு மாற்ற, வீடே அதிர்ந்ததாம். அன்றிலிருந்து அதைத் தொடுவதற்கே பயம்.

ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு. இதுக்குச் சாமான் எடுக்க ஏலாது. வேணுமெண்டால் நான் இரண்டாயிரம் தாறன், வச்சிட்டுப் போங்கோ" என்றாராம். கொடுக்க மனமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்த அக்கா, ஆனாலும் அடுத்த கிழமை கொடுத்துவிடுவோம் என்ற முடிவோடு இருந்தார். அந்த நேரத்தில்தான் நான் ஒரு வேலையாக அங்கே போனேன்.

உள்ளே போனபோது அக்கா பிளேயருக்கு மேல் குனிந்து, காதை ஊசிக்குக் கிட்ட வைத்துக்கொண்டிருந்தார். அம்பிளிபயரின் சுவிட்ச் போடவேயில்லை.

"என்ன அக்கா செய்யிறியள்?" என்றேன்.

"இப்பிடிக் கேட்டால் கொஞ்சம் கேக்குது தங்கச்சி. ஸ்பீக்கரில கேக்கிறதைவிட இது பரவாயில்லை" என்றார்.

சகோதரிகளே, எனக்கு மனம் கனத்தது. அதே நேரம் ஒரு விடயம் புரிந்தும் விட்டது. அக்கா தன்னை அறியாமலே முதலாவது சோதனையைச் செய்து முடித்திருந்தார். மின்சாரம் இல்லாமலே ஊசியில் இருந்து மெல்லிய பாட்டுக் கேட்கிறது என்றால், ஊசி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, தட்டில் எழுதியிருப்பதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் சத்தம் அதற்குப் பிறகு எங்கோ தொலைகிறது. எங்கே என்று தேடினால் போதும்.

சத்தம் போகும் பாதை

எந்தக் கருவியைத் திருத்துவதாக இருந்தாலும், அது வேலை செய்யும் பாதையை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயில் எந்த இடத்தில் அடைப்பு என்று தேடுவதுபோல.

இசைத்தட்டின் பள்ளம் நேராக இருப்பதில்லை. பாட்டுக்கு ஏற்றபடி நெளிந்திருக்கும். அந்த நெளிவில் ஊசி அசைகிறது. ஊசிக்கு மேல் இருக்கும் சிறிய பெட்டிக்குக் கார்ட்ரிஜ் என்று பெயர். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுவது அதுதான். பெரும்பாலான பிளேயர்களில் ஊசியின் மறுமுனையில் மிகச் சிறிய காந்தம் இருக்கும். காந்தம் அசைய, பக்கத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் நடப்பதுவும் இதுதான்.

ஆனால் இங்கே பிறக்கும் மின்சாரம் மிக மிகச் சிறியது. சாதாரணமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சீடி பிளேயர் கொடுப்பது சுமார் 2 வோல்ட் வரை. கணக்குப் பார்த்தால் சீடி கொடுப்பது இசைத்தட்டுக் கொடுப்பதைவிட நானூறு மடங்குக்கும் மேல்.

ஆகவே இசைத்தட்டுக்கென்று தனியாக ஒரு முன் அம்பிளிபயர் தேவை. அது கார்ட்ரிஜ்ஜில் இருந்து வருவதைச் சுமார் நூறு மடங்கு பெருக்கி, மற்றக் கருவிகளின் அளவுக்குக் கொண்டுவரும். பழைய அம்பிளிபயர்களில் இது உள்ளேயே இருந்தது. பின்பக்கத்தில் 'ஃபோனோ' என்று ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு துளைகளும், பக்கத்தில் ஒரு சிறிய திருகாணியும் இருக்கும். சீடி வந்தபிறகு இசைத்தட்டு மறைந்ததால், புதிய செட்டுகள் பலவற்றில் செலவைக் குறைக்க இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். 'ஓக்ஸ்' என்ற துளை மட்டும் இருக்கும். அது சீடி, கைபேசி போன்றவற்றுக்கு உரியது. பெருக்காது.

நான் அக்கா வீட்டுச் செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'ஃபோனோ' இல்லை. மருமகன் 'ஓக்ஸ்' துளையில் பொருத்தியிருந்தார். வேறு துளை இல்லாதபோது அவரும் என்ன செய்வார்?

வெள்ளத்தில் போன பழைய அம்பிளிபயரோடு அந்தப் பெருக்கியும் சேர்ந்து போய்விட்டது. பிளேயருக்கு ஒன்றும் இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கடைக்காரன் செத்துப்போச்சு எண்டெல்லோ சொன்னவன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சத்தம் மட்டுமல்ல, தொனியும் மாறும்

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளம் உண்டு. சத்தம் குறைவாக இருப்பதோடு, பாட்டில் மிருதங்கமும் தபேலாவும் காணாமல் போய், வெறும் கீச்சுச் சத்தம் போல இருக்கும்.

அதற்குக் காரணம் தட்டில் பதியும் முறை. தாழ்ந்த ஒலிகளை அப்படியே பதிந்தால் பள்ளம் மிக அகலமாக நெளிந்து, தட்டில் இடம் போதாமல் போகும். ஆகவே பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு அளவில் செய்துவந்ததை, 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே அளவாக்கியது. பின்னர் உலகம் முழுவதும் அதையே பின்பற்றியது. அப்படித் திருப்பும் வேலையையும் செய்வது அந்த முன் அம்பிளிபயர்தான். அது இல்லாவிட்டால் சத்தம் குறையும், பாட்டும் மெலியும். இரண்டும் சேர்ந்து வந்தால் தொண்ணூறு வீதம் இதுதான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

ஒழுங்காகச் சோதிக்கும் முறை

கீழே சொல்லும் வரிசையில் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். வயர்களைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் மின் சுவிட்சை நிறுத்துங்கள்.

1. அதே செட்டில் ரேடியோவையோ கைபேசியையோ போட்டுப் பாருங்கள். சத்தம் சரியாக இருந்தால் அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் நலம். குறை பிளேயர் பக்கத்தில் அல்லது இணைப்பில்.

2. சத்தம் இரண்டு பக்கமும் சமமாகக் குறைவா, ஒரு பக்கம் மட்டும் குறைவா என்று கேளுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் தவறான துளை, அல்லது முன் அம்பிளிபயர் இல்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் தொடுப்பு எங்கோ விட்டிருக்கிறது.

3. பிளேயரின் பின்பக்கத்தையோ அடியையோ பாருங்கள். புதிய பிளேயர்கள் சிலவற்றில் முன் அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும். 'ஃபோனோ', 'லைன்' என்று ஒரு சிறிய சுவிட்ச் காணப்படும். 'ஓக்ஸ்' துளையில் பொருத்தினால் அதை 'லைன்' பக்கம் தள்ள வேண்டும். 'ஃபோனோ' துளையில் பொருத்தினால் 'ஃபோனோ' பக்கம். மாறி வைத்தால் ஒன்றில் சத்தம் வராது, மற்றதில் இரண்டு முறை பெருகிக் கரகரக்கும்.

4. அம்பிளிபயரில் 'ஃபோனோ' இருந்தும் சத்தம் குறைவு என்றால், கார்ட்ரிஜ்ஜின் வகையைப் பாருங்கள். விலை கூடிய சிலவற்றில் காந்தம் அசையாமல் கம்பிச் சுருள் அசையும். அவை அரை மில்லிவோல்ட் அளவே தரும். அதற்கு இன்னும் கூடிய பெருக்கம் வேண்டும்.

5. ஊசியின் நுனியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பஞ்சுபோலத் தூசி உருண்டு கிடந்தால் சத்தம் மங்கும். மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். பக்கவாட்டில் துடைத்தால் ஊசி முறியும். விரலால் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. 1950, 60களின் பழைய ரேடியோகிராம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அவற்றில் காந்தம் இல்லாமல் பளிங்கு அல்லது பீங்கான் வகைக் கார்ட்ரிஜ் இருக்கும். அவை தாமாகவே அதிக மின்னழுத்தம் தருவதால் 'ஓக்ஸ்' துளையே போதும். அவற்றில் சத்தம் குறைந்தால் கார்ட்ரிஜ்ஜே கெட்டிருக்கலாம். பளிங்கு வகைக்கு நமது ஊரின் ஈரமும் வெக்கையும் ஆகாது. ஆகவே எல்லாப் பெட்டிக்கும் ஒரே மருந்து என்று நினைக்க வேண்டாம்.

அக்கா வீட்டில் நடந்தது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி, கைக்குள் அடங்கும் ஒரு முன் அம்பிளிபயர் வாங்கினோம். சில ஆயிரம் ரூபாவோடு காரியம் முடிந்தது. பிளேயரின் வயரை அதற்கும், அதில் இருந்து இன்னொரு வயரை 'ஓக்ஸ்' துளைக்கும் கொடுத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். அக்காவின் மகள் பயந்து, "அன்ரி, நிப்பாட்டுங்கோ" என்றாள். இது எதிர்பார்த்ததுதான். பிளேயரில் இருந்து இரண்டு பிளக்குகளோடு மெல்லிய மூன்றாவது வயர் ஒன்று வரும். அதன் முனையில் கவட்டை போன்ற தகடு இருக்கும். அது நில வயர். மருமகன் அதை எங்கே பூட்டுவது என்று தெரியாமல் சுருட்டி வைத்திருந்தார். முன் அம்பிளிபயரின் திருகாணியில் அதைப் பூட்டினேன். இரைச்சல் நின்றது.

பாட்டு வந்தது. ஆனால் இடது பக்கம் பலமாகவும் வலது பக்கம் மெல்லியதாகவும் இருந்தது. இங்கேதான் நான் உங்களுக்கு அடிக்கடி சொல்லும் "இடம் மாற்றிப் பார்" என்ற முறை உதவியது. பிளேயரில் இருந்து வரும் சிவப்பு, வெள்ளைப் பிளக்குகளை மாற்றிப் பூட்டினேன். இப்போது இடது ஸ்பீக்கர் மெலிந்தது. குறை பிளக்கோடு சேர்ந்து இடம் மாறியதால், அது பிளேயர் பக்கத்தில்தான். ஸ்பீக்கர் அப்படியே மெலிந்திருந்தால் குறை செட்டில் என்று அர்த்தம். எந்த அளவுகோலும் இல்லாமல், காதை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய சோதனை இது.

கையின் நுனியில் கார்ட்ரிஜ் பூட்டியிருக்கும் தலைப் பகுதியைக் கழற்றினேன். பெரும்பாலான ஜப்பான் பிளேயர்களில் ஒரு வளையத்தைச் சுழற்றினால் அது கழன்றுவிடும். பின்னால் நான்கு சிறிய ஊசிமுனைகள். இரண்டில் பச்சை பிடித்திருந்தது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் துளி சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, ஊசிக்குப் படாமல் துடைத்தேன். கார்ட்ரிஜ்ஜின் பின்னால் இருக்கும் நான்கு நிற வயர்களையும் கவனித்தேன். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. சிவப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. குறட்டால் மெதுவாக நெருக்கி, திரும்பப் பூட்டினேன்.

இரண்டு பக்கமும் சமமானது.

அக்கா தானே ஒரு தட்டைத் தெரிந்து எடுத்து வைத்தார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. வீடு நிறையச் சத்தம். பேரன் வந்து வாசலில் நின்றான். மூன்றாவது பாட்டின் நடுவில் "டக்... டக்... டக்..." என்று வந்தது. ஏழெட்டுத் தடவை. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றுவதால், குறுக்கே ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு 1.8 செக்கனுக்கும் ஒரு தடவை இப்படி அடிக்கும்.

நான் தொழில் பழக்கத்தில், "கீறல் அக்கா. அதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது. இன்னொரு பிரதி தேடிப் பார்ப்பம்" என்றேன்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார் அக்கா. "இவள் நடக்கத் துடங்கின காலம். அவர் ஊசியைத் தூக்கேக்குள்ள இவள் ஓடிவந்து சாரத்தைப் பிடிச்சு இழுத்தவள். அதில விழுந்த கீறல்தான் இது. அவர் அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு... இது இருக்கட்டும்."

மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அந்தக் கீறல் இருப்பதால்தான் அவளுக்கும் இப்போது அது தெரியவந்தது. அதன்பின் அக்கா அந்தப் பாட்டை மறுபடி போட்டார். நாங்கள் எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தோம்.

இரண்டாயிரம் ரூபாவுக்குப் போயிருக்க வேண்டியது இது.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வளையும். கொழும்பின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சுவரோடு ஒட்டாமல், காற்றுப் படும்படி வையுங்கள். வெயிலில் காயப் போடவே கூடாது.

பாரமான, விழுந்தால் நொறுங்கும் பழைய 78 வேகத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அவை அரக்குப் பூச்சியின் பிசினில் செய்யப்பட்டவை. ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அவற்றுக்குத் தடித்த ஊசியும் வேண்டும். 33, 45 வேகத் தட்டுகளின் ஊசி அவற்றின் பள்ளத்தின் அடியில் உரசி, தட்டும் ஊசியும் இரண்டும் கெடும்.

வைர ஊசி சுமார் 500 முதல் 1000 மணித்தியாலம் வரை உழைக்கும். தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தையே அரித்துவிடும். காந்த வகைக் கார்ட்ரிஜ்ஜில் ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றி மாற்றலாம். அக்காவுக்கும் ஒரு புதிய ஊசி தேடச் சொல்லியிருக்கிறேன்.

கனடாவில் இருந்து உறவினர் பிளேயர் அனுப்பினால் அவசரப்பட்டுச் செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேராகச் செருகினால் எரியும். மின்னழுத்தம் குறைக்கும் பெட்டியை வைத்தாலும், சில வகை மோட்டார்கள் மெதுவாகச் சுற்றிப் பாட்டு இழுபடும். பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் வாசியுங்கள்.

அம்பிளிபயரின் மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கை எடுத்த பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிற்றர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகியவர்கள் மட்டுமே கைவைக்க வேண்டிய இடம் அது. வெள்ளத்தில் நனைந்த எந்தக் கருவியையும் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் செருகிப் பார்க்காதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

நான் 1996இல் இரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி, "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். பெண்ணுக்கு இது விளங்காது என்ற எண்ணம். அதே எண்ணத்தில்தான் பல கடைகளில் எங்களுக்கு விளக்கம் சொல்லாமல் விலை மட்டும் சொல்கிறார்கள்.

ஆகவே கேளுங்கள்: "எந்தப் பகுதி பழுது? எப்படிச் சோதித்தீர்கள்? எனக்கு முன்னால் வேறு செட்டில் போட்டுக் காட்டுவீர்களா? மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தருவீர்களா?" நேர்மையான திருத்துநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எறியும்படி சொல்லிவிட்டு, தானே விலை கொடுத்து வாங்க நினைப்பவரிடம் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். செத்த பொருளுக்கு யார் காசு கொடுப்பார்?

இந்தக் கைத்தொழிலைப் பழக விரும்பும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இசைத்தட்டு செத்துப்போன தொழில் அல்ல. 2022இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் சுமார் 4 கோடி 10 இலட்சம் விற்றன. இறுவட்டுகள் 3 கோடி 30 இலட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அப்போதுதான். கொழும்பிலும் இளம் பிள்ளைகள் தாத்தாவின் பெட்டியைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வயது போன திருத்துநர்கள் ஓய்ந்துபோக, ஆள் இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் எந்தப் பாடநெறி நடக்கிறது என்று விசாரியுங்கள். ஏற்கனவே வேலை பழகியிருந்து சான்றிதழ் இல்லாதவர்கள், முன் அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமை வழங்கும் முறை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நானும் ஐம்பது வயது கடந்துதான் அப்படிச் சான்றிதழ் பெற்றேன்.

எங்களில் பலரிடம் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய ஒன்றிரண்டு பொருள்களையும் "பழுது" என்ற ஒரு சொல்லை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உண்மையாகவே பழுது என்றால் அப்போது முடிவெடுக்கலாம்.

அடுத்த இதழில் கட்டாயம் ரைஸ் குக்கர்தான். 'வாம்' விளக்கு எரிந்தும் சோறு வேகாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஏதாவது மக்கர் பண்ணினால், அது என்ன சத்தம் போடுகிறது, எப்போதிலிருந்து, அதற்கு முன் வீட்டில் என்ன மாறியது என்ற மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். அக்கா வீட்டில் மாறியது அம்பிளிபயர். அதைக் கேட்டிருந்தால் அந்தக் கடைக்காரருக்கும் விடை கிடைத்திருக்கும்.

அன்புடன்,
கொலன்னாவையில் இருந்து உங்கள் சகோதரி